கையடக்க ஜிபிஎஸ்: மேப் பக்கமா, ஹைவே பக்கமா? எதைப் பார்த்துப் படகு ஓட்டுகிறீர்கள்?

செருதூர்_அலை:

அண்ணன்மாருக்கு வணக்கம். சித்தப்பாவின் ஃபைபர் படகுக்குப் பழைய கார்மின் 72 எச் ஒன்று வாங்கியிருக்கிறோம், செகண்ட் ஹேண்ட். மேனுவல் கிடையாது. விற்றவர் "பேஜ் பட்டனை அமுக்கிக்கிட்டே போங்க, எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரத்தான் செய்கிறது. சேட்டிலைட் வட்டம், மேப், வட்டத்துக்குள் ஒரு அம்பு, ரோடு மாதிரி ஒரு படம், கடைசியில் ரூட் என்று ஒரு பட்டியல். ஓடும்போது இதில் எதைத் திறந்து வைத்துக்கொள்வது?

மேப் பக்கம்தான் பார்க்க வசதியாக இருக்கிறது. ஆனால் மெதுவாகப் போனாலோ நின்றாலோ அது பாட்டுக்குச் சுற்றுகிறது. மெஷின் கெட்டுப்போச்சோ என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். இலங்கை எல்லைக்கோட்டுப் பாயிண்டும் (மெஷினில் குறித்து வைக்கிற இடம்) போட்டு வைக்க வேண்டும். அதை எந்த மாதிரி அடிப்பது என்றும் சொல்லுங்கள்.

அக்கரைப்பேட்டை_சுக்கான்:

தம்பி, மெஷின் கெடவில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு உன் படகின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. சற்று முன் இருந்த இடத்தையும் இப்போது இருக்கிற இடத்தையும் வைத்து, 'இந்தப் பக்கமாக நகர்கிறான்' என்று கணக்குப் போடுகிறது. நின்றுவிட்டால் கணக்குப் போட எதுவும் இல்லை. ஆனாலும் அது காட்டும் இடம் சில மீட்டர் அங்கும் இங்கும் ஆடும். அந்த ஆட்டத்தையே ஓட்டம் என்று நினைத்து அம்பைத் திருப்பும், அம்போடு சேர்ந்து மேப்பும் திரும்பும். வலை போட்டுக் காத்திருக்கும்போது டிராக்கை, அதாவது படகு போன தடத்தைப் பார், ஒரே இடத்தில் கிறுக்கி வைத்திருக்கும்.

மேப் சுற்றாமல் இருக்க, மேப் பக்கத்தில் மெனு அமுக்கி, மேப் செட்டப்பில் ஓரியண்டேஷன் என்பதை 'நார்த் அப்' என்று வை. வடக்கு எப்போதும் மேலேயே நிற்கும். 'டிராக் அப்' என்று இருந்தால் நீ போகும் திசை மேலே வரும்படி படம் திரும்பிக்கொண்டே இருக்கும்.

எதைப் பார்த்து ஓட்டுவது என்று கேட்டாயே, அதற்கு என் பதில்: மேப்பைப் பார்த்து ஓட்டாதே. மேப் என்பது 'நாம் எங்கே இருக்கிறோம், சுற்றி என்ன இருக்கிறது' என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு. சுக்கான் பிடிக்கும்போது நான் திறந்து வைப்பது ஹைவே பக்கம், நீ ரோடு மாதிரி என்று சொன்னாயே, அதுதான். காரணத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தரங்கை_கொண்டல்:

அண்ணன் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. நான் டிராக் அப் தான் வைத்திருக்கிறேன். கரைக்குத் திரும்பும்போது கரை படத்திலும் எனக்கு முன்னால் மேலே இருக்க வேண்டும். நார்த் அப்பில் கரை இடது பக்கம் கிடக்கும், தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி குழம்பும். வேகமாக ஓடும் படகுக்கு மேப் ஒன்றும் சுற்றாது, சீராகத்தான் நிற்கும். மெதுவாக மடி வலை இழுக்கிறவர்களுக்கு வேண்டுமானால் நார்த் அப் சரி.

செருதூர் தம்பிக்கு இரண்டு விஷயம். ஒன்று, மேப்பின் மூலையில் ஒரு ஸ்கேல் இருக்கும், அதைப் பார்க்காமல் மேப்பைப் பார்க்காதே. ஆட்டோ ஜூம் போட்டிருந்தால் போகிற பாயிண்டும் படகும் சேர்ந்து தெரிகிற மாதிரி மெஷினே ஸ்கேலை மாற்றிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு விரல்கடை இருக்கிற இடைவெளி முதலில் 2 மைல், கொஞ்ச நேரம் கழித்து அரை மைல். நான் அதை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, நடுவில் உள்ள பட்டனை மேலும் கீழும் தள்ளி மேப்பை நகர்த்திப் பார்த்தால் ஒரு வெள்ளை அம்பு வரும். அப்போது திரை உன் படகோடு நகராது. படகு படத்தை விட்டே வெளியே போய்விடும், நீ பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பார்த்து முடிந்ததும் 'குவிட்' அமுக்கினால் படகு மறுபடி நடுவுக்கு வரும். புதிதாக வாங்குகிற எல்லோரும் 'ஹேங் ஆயிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அக்கரைப்பேட்டை_சுக்கான்:

சரி, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

நாகை வாய்முகத்திலிருந்து நேர் கிழக்கே 20 கடல் மைல் தள்ளி ஒரு பாயிண்ட் என்று வைத்துக்கொள். 'கோ டூ' (அங்கே போக வழிகாட்டு) கொடுத்ததும் நீ நிற்கிற இடத்திலிருந்து பாயிண்டுக்கு ஒரு நேர்கோடு போடும். ஐப்பசி, கார்த்திகை என்றால் நம் கரையில் நீவாடு (கடல் நீரோட்டம்) தெற்கே இழுக்கும். படகு 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்), நீவாடு 1 நாட் என்று வை. காம்பஸில் கிழக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா ஓடினால், போய்ச் சேரும் நேரத்தில் பாயிண்டுக்கு மூன்று மைலுக்கு மேல் தெற்கே நிற்பாய். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது பாயிண்டர் பக்கம், அதாவது வட்டத்துக்குள் அம்பு. அந்த அம்பு எப்போதும் பாயிண்டைத்தான் காட்டும், நீ எங்கே இருந்தாலும். அதைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கடைசியில் பாயிண்டுக்குப் போய்விடுவாய், சந்தேகமில்லை. ஆனால் நேராகப் போக மாட்டாய். நீவாடு தள்ளும், அம்பு கொஞ்சம் திரும்பும், நீயும் திரும்புவாய், மறுபடி தள்ளும். இப்படியே வில் மாதிரி வளைந்து, நடுவழியில் கோட்டுக்கு ஒரு மைலுக்கு மேல் தெற்கே போய்விட்டுத்தான் பாயிண்டுக்கு ஏறுவாய். ஆழக்கடலில் டீசல் நஷ்டத்தோடு போகும். கோடியக்கரை முனையைச் சுற்றும்போது அந்த ஒரு மைலில் மணல் திட்டு இருக்கும். பக்கத்தில் எவனாவது வலை விட்டிருந்தால் அது வேறு சண்டை.

ஹைவே பக்கத்தில் இந்த வளைவு வராது. நீ கோட்டை விட்டு விலகினால் ரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும், எவ்வளவு விலகல் என்று எண்ணும் காட்டும், 'ஆஃப் கோர்ஸ்' என்று. ரோட்டை நடுவிலேயே வைத்துக்கொண்டு ஓட்டு. மேலே சொன்ன கணக்குக்கு மூக்கை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே திருப்பி வைத்தால் ரோடு நடுவில் நிற்கும். படகு கிழக்குக்குச் சற்று வடக்கே பார்த்த மாதிரி இருக்கும், ஓட்டம் நேர் கிழக்கே இருக்கும். 'பேரிங்' என்பது பாயிண்ட் இருக்கும் திசை, 'டிராக்' என்பது நீ உண்மையில் நகரும் திசை. கோட்டின் மேல் இருக்கும்போது இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நீ சரியாகப் போகிறாய், மூக்கு எங்கே பார்த்தால் என்ன. மேப் பக்கத்தில் இதைப் பார்க்க முடியாதா என்றால் முடியும். ஆனால் 5 மைல் ஸ்கேலில் கால் மைல் விலகல் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறபோது கால் மைல் தாண்டியிருக்கும்.

தரங்கை_கொண்டல்:

இதை ஏற்றுக்கொள்கிறேன். பாயிண்டர் பக்கம் எனக்கும் பிடிக்காது. ஹைவே பக்கத்தில் ஒரே குறை, கோட்டின் மேல் வேறு என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. கரைக்கு மேலே கோடு போட்டாலும் ரோட்டை அழகாகக் காட்டும்.

குடமுருட்டி_மெஷின்:

கடல்காரர்கள் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அறுவடை மெஷின் ஓட்டுகிறேன், வயலுக்குப் போக இதே மாதிரி மெஷின் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தோம். கொண்டல் அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் பிரச்சினையும். வயல் 600 மீட்டர் என்று அம்பு காட்டும், நடுவில் வெண்ணாறு ஓடும். பாலத்துக்கு எத்தனை கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. போன் மேப் என்றால் ஆற்றங்கரைப் பாதையைக்கூட ரோடு என்று எடுத்துக்கொண்டு போகச் சொல்லும், டிராக்டர் போகும், அறுவடை மெஷின் போகாது. இப்போதெல்லாம் ஊர்க்காரர் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம்.

அக்கரைப்பேட்டை_சுக்கான்:

நுழையலாம் தம்பி, காவிரி கடைசியில் எங்களிடம்தானே வருகிறது. வழி வளைந்து போகிற இடத்தில் 'கோ டூ' கூடாது, ரூட் போட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பாயிண்ட், அதை வரிசையாகக் கோத்தால் ஐந்தாவது பக்கத்தில் பட்டியலாக வரும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குள் போகிறவர்களுக்கும் இதேதான்.

வேதை_உப்பளம்:

எல்லைப் பாயிண்ட் கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். இதில் அவசரப்படக் கூடாது.

பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லை 1974 ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. வங்காள விரிகுடாப் பக்கத்துக்கு 1976-இல் தனியாக நீட்டினார்கள். 1974-இன் முதல் புள்ளி வடக்கு 10 டிகிரி 05.0 மினிட், கிழக்கு 80 டிகிரி 03.0 மினிட். இரண்டாவது புள்ளி வடக்கு 09 டிகிரி 57.0 மினிட், கிழக்கு 79 டிகிரி 35.0 மினிட். கோடியக்கரையிலிருந்து நேர் தெற்கே போனால் இந்த இரண்டையும் சேர்க்கும் கோடு ஏறக்குறைய 15 கடல் மைலில் வரும்.

இதை மெஷினில் அடிப்பதற்கு முன் மெனுவை இரண்டு தடவை அமுக்கி, செட்டப், லொகேஷன் என்று போய், 'லொகேஷன் ஃபார்மட்' என்ன என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு. டிகிரி மட்டும், டிகிரியும் மினிட்டும், டிகிரி மினிட் செகண்ட். ஒப்பந்தத்தில் இருப்பது டிகிரியும் மினிட்டும். மெஷின் டிகிரி மட்டும் என்று இருக்கும்போது ஒருவர் 10.05 என்று அடித்தால் என்ன ஆகும்? 0.05 டிகிரி என்பது 3 மினிட். அதாவது 10 டிகிரி 03 மினிட். அட்சரேகையில் 1 மினிட் என்பது 1 கடல் மைல், 1852 மீட்டர். ஆக பாயிண்ட் 2 கடல் மைல் தெற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் விழும். திரையில் 'எல்லை இன்னும் 2 மைல் இருக்கிறது' என்று காட்டும்போது படகு எல்லை மேல் நிற்கும்.

இரண்டாவது புள்ளியை 9.57 என்று அடித்தால் 22 மைலுக்கு மேல் தள்ளிப் போகும். அது நல்லது என்றே சொல்வேன், அவ்வளவு பெரிய பிசகு யார் கண்ணிலும் படும். 2 மைல் பிசகுதான் ஆபத்து, மேப்பில் பார்த்தால் சரி மாதிரியே இருக்கும்.

அதே இடத்தில் 'மேப் டேட்டம்' என்று ஒன்று இருக்கும். அது டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ்ஸின் சொந்த அளவைக் கணக்கு) என்றே இருக்கட்டும். பழைய மெஷின்களில் யாராவது விளையாட்டாக 'இந்தியன்' என்று மாற்றி வைத்திருப்பார்கள், நம் நாட்டுக்கு அதுதான் சரி என்று நினைத்து. அது எவரெஸ்ட் என்ற பழைய நில அளவைக் கணக்கு. மாற்றினால் எண்கள் சில நூறு மீட்டர் நகர்ந்துவிடும்.

செருதூர்_அலை:

அண்ணே, நல்லவேளை கேட்டேன். எங்கள் மெஷினில் டிகிரியும் மினிட்டும்தான் இருக்கிறது. பாயிண்ட் இரண்டையும் போட்டால் மேப்பில் கோடு வருமா? கிட்டே போனால் சத்தம் போடும் என்றும் சொல்கிறார்களே?

வேதை_உப்பளம்:

பாயிண்ட் போட்டால் புள்ளிதான் வரும், கோடு வராது. சத்தம் போடுவது 'பிராக்ஸிமிட்டி அலாரம்', அது ஒரு பாயிண்டைச் சுற்றி வட்டமாகத்தான் காவல் காக்கும். அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே 28 கடல் மைலுக்கு மேல் இருக்கிறது. இரண்டு முனைக்கு மட்டும் அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் நடுவில் தாராளமாகத் தாண்டிப் போகலாம், மெஷின் வாயே திறக்காது.

அதனால் நடுவில் பாயிண்டுகள் போடுங்கள். சரிபாதி 10 டிகிரி 01.0 மினிட், 79 டிகிரி 49.0 மினிட். அதற்கும் முனைகளுக்கும் நடுவில் மறுபடி பாதி, பாதி. வட்டங்கள் ஒன்றையொன்று தொடுகிற வரைக்கும் போடுங்கள். என் யோசனை, பாயிண்டை எல்லை மேலேயே போடாமல் 2 மைல் வடக்கே தள்ளிப் போடுவது. 10 டிகிரி 01.0 என்பதை 10 டிகிரி 03.0 என்று போட்டால் முடிந்தது. அலாரம் எல்லையில் அடித்து என்ன பயன், நீவாடு தெற்கே இழுக்கும்போது வலையை வாங்கித் திரும்ப நேரம் வேண்டாமா? போட்டு முடித்த எண்களை ஒரு தடவை மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தரங்கை_மகள்:

உப்பளம் அண்ணன் சொன்ன ஃபார்மட் குழப்பம் தினமும் காலையில் எங்களிடம் வரும். இன்காய்ஸ் (கடல் தகவல் தரும் மத்திய அரசு நிறுவனம்) தருகிற மீன் கிடைக்கும் பகுதி அறிவிப்பை எங்கள் ஊரில் எழுதிப் போடுகிறேன். அதில் டிகிரி, மினிட், செகண்ட் என்று இருக்கும். 10 30 45 என்று இருந்தால் அப்பாவின் மெஷினில் 10 டிகிரி 30.45 என்று அடித்துவிடுகிறார்கள். 45 செகண்ட் என்பது முக்கால் மினிட், ஆகவே 30.75 என்றுதான் அடிக்க வேண்டும். செகண்டை 60-ஆல் வகுத்தால் போதும். அடித்தது தப்பாகப் போனால் அரை கிலோமீட்டருக்கு மேல் பிசகு. மீனுக்கு அது பெரிய விஷயமில்லை என்பார்கள். பாறை இருக்கிற இடத்தைக் குறித்துக்கொடுத்து வலையை அதன் மேல் விட்டால் தெரியும்.

இன்னொன்று. அறிவிப்பில் தூரம் கிலோமீட்டரில் வரும், படகில் எல்லோரும் கடல் மைலில் வைத்திருப்பீர்கள். 1.852-ஆல் வகுக்கவும். எண்ணே வேண்டாம், கரையிலிருந்து திசையும் தூரமும் மட்டும் போதும் என்றால், கரைப் பாயிண்டைத் திறந்து மெனுவில் 'புராஜெக்ட்' கொடுத்தால், திசை டிகிரியும் தூரமும் கேட்டுப் புதுப் பாயிண்டை அதுவே போட்டுக்கொள்ளும்.

நம்பியார்நகர்_நிலா:

எல்லாம் சரி, ஆனால் அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே நூறு மீட்டர் பிசகு வைத்துத்தான் சிக்னல் விடுகிறான். எவ்வளவு துல்லியமாக அடித்து என்ன?

வேதை_உப்பளம்:

அது பழைய கதை தம்பி. அப்படிப் பிசகு வைத்திருந்தது உண்மைதான், 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு நம் ககன் (ஜிபிஎஸ் பிசகைத் திருத்தும் இந்திய சேட்டிலைட் முறை) வேறு திருத்தம் அனுப்புகிறது. சேட்டிலைட் பக்கத்தில் 40, 41 என்று எண் வந்தால் அது ககன். மற்ற சேட்டிலைட்டுகளின் சிக்னல் கம்பிகளின் மேல் 'டி' என்ற எழுத்து வந்தால் திருத்தம் வேலை செய்கிறது என்று அர்த்தம். எல்லாப் பழைய மெஷினிலும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், செட்டப்பில் 'வாஸ்' (இந்தத் திருத்தத்தை வாங்குகிற செட்டிங்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கரைப்பேட்டை_சுக்கான்:

சேட்டிலைட் பக்கத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். கிளம்பும்போது அதில்தான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாலு சேட்டிலைட் பிடித்து '3டி' என்று வந்த பிறகுதான் பாயிண்ட் அடிக்கலாம். தார்ப்பாய்க்கு அடியில், இன்ஜின் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டுச் சிக்னல் இல்லை என்று சொல்லக் கூடாது.

மேப்பில் தெரிகிற கரையை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேப் உள்ள மெஷின்களில், கூடவே வருகிற மேப் மேலோட்டமாக வரைந்தது. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஸ்கேலுக்குக் கீழே 'ஓவர்ஜூம்' என்று வரும். 'இதற்கு மேல் என்னிடம் விவரம் இல்லை, இருப்பதையே பெரிதாக்கிக் காட்டுகிறேன்' என்று அது சொல்கிறது. அந்த நிலையில் படகு தரை மேல் போவதாகக் காட்டும், யாரும் பயப்பட வேண்டாம். தண்ணீரில் போவதாகக் காட்டும்போது தரை தட்டினால்தான் தொல்லை. கடுவையாற்று முகத்துவாரத்தில் மணல் மேடு ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறுகிறது. போன வருஷம் நான் போன டிராக் மெஷினில் அப்படியே இருக்கிறது, 'டிராக் பேக்' கொடுத்தால் அச்சு பிசகாமல் கூட்டிப் போகும், மேட்டின் மேலேயே. வாய்முகம் வந்ததும் நான் திரையை விட்டுவிட்டு நாகூர் தர்காவின் பெரிய மனாராவையும் தண்ணீரின் நிறத்தையும்தான் பார்க்கிறேன். முன்னால் போகிற படகு தட்டுகிறதா என்றும் பார்ப்பேன்.

நம்பியார்நகர்_நிலா:

எங்கள் தாத்தா நட்சத்திரத்தைப் பார்த்தே வந்துவிடுவார்.

தரங்கை_கொண்டல்:

வந்துவிடுவார். மேகம் மூடின அன்று எங்கே நின்றார் என்று அவரிடமே கேள். நான் கேட்க வந்தது வேறு: ஆள் விழுந்தால் அமுக்குகிற பட்டனைப் பற்றித் தம்பிக்கு யாரும் சொல்லவில்லையே.

அக்கரைப்பேட்டை_சுக்கான்:

நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். 'கோ டூ' பட்டனிலேயே 'எம்ஓபி' என்று எழுதியிருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால் அந்த நொடி இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும், 'என்டர்' கொடுத்தால் அங்கே திரும்ப வழிகாட்டும். இரவில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கப் பழக வேண்டும், படகில் இருக்கிற எல்லோரும், சமையல் செய்கிற பையன் உள்பட. ஒன்று நினைவிருக்கட்டும். அந்தக் குறி நின்ற இடத்திலேயே நிற்கும். விழுந்தவன் நீவாட்டோடு போவான். 1 நாட் நீவாடு என்றால் பத்து நிமிடத்தில் 300 மீட்டர். குறிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே சுற்றாமல் நீவாடு போகும் பக்கமாகத் தேட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மேப் பக்கம்தான் வேண்டும், ஸ்கேலைச் சின்னதாக்கி, நார்த் அப்பில். குறி, படகு, நீ தேடிவிட்டு வந்த டிராக் மூன்றும் ஒன்றாகத் தெரியும். தேடின இடத்தையே மறுபடி தேட மாட்டாய்.

தரங்கை_கொண்டல்:

ஆள் தேடும்போது மெதுவாகத்தான் ஓடுவோம், டிராக் அப் என்றால் மேப் சுற்றும். சரி அண்ணே, இதற்கு நார்த் அப் தான்.

செருதூர்_அலை:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு ஹைவே பக்கத்தைக் காட்டினேன், பிடித்துப்போயிற்று. ஆனால் பட்டரி ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. அளவு குறி பாதி காட்டும்போதே அணைந்துவிடுகிறது. இதற்கு ஏதாவது செட்டிங் இருக்கிறதா?

தரங்கை_மகள்:

சார்ஜ் செய்கிற பட்டரி போட்டிருக்கிறீர்களா? செட்டப்பில் 'பட்டரி டைப்' என்று இருக்கும், ஆல்கலைன் என்பதை மாற்றி என்ஐஎம்எச் என்று வையுங்கள். அளவு குறி சரியாகக் காட்டும். பேக்லைட் எப்போதும் எரிகிறதா என்றும் பாருங்கள், 15 செகண்டில் அணைகிற மாதிரி வைத்தால் நன்றாகத் தாங்கும். எப்படியும் இரண்டு புது பட்டரியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.